வியாகுலம் நெஞ்சில் கைவைத்த பதினோரு பேர்

பாம்பன் தெற்குக் கரையில் ஜோதிமேரிக்கு ‘டாக்டரம்மா’ என்று பெயர் வந்தது ஒரு ரப்பர் பொம்மையால்தான்.

2009 ஜூன் மாதம் கோயில் மண்டபத்தில் ஒருநாள் முதலுதவிப் பயிற்சி நடந்தது. ராமநாதபுரத்திலிருந்து சண்முகவள்ளி என்ற நர்ஸ் வந்தார். கையில் ஒரு பெரிய பெட்டி. அதற்குள் இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லாத ஒரு பொம்மை. மத்தியானம் கோழி பிரியாணிப் பொட்டலம் உண்டு என்று சொல்லியிருந்ததால் கூட்டத்துக்குக் குறைவில்லை. பொம்மையைப் பலகையில் படுக்கப் போட்டதும் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

“சிஸ்டர், இது ஆம்பளையா பொம்பளையா?” என்று ஒருத்தி கேட்டாள்.

“உசுருக்குப் போராடுற ஆளு. அம்புட்டுத்தான்” என்றார் சண்முகவள்ளி.

ஒவ்வொருவராக வந்து பொம்மையின் நெஞ்சை அமுக்க வேண்டும். சரியான ஆழத்துக்கு அமுக்கினால் உள்ளே ‘டிக்’ என்று சத்தம் வரும். ஆண்கள் பலருக்கே அந்தச் சத்தம் வரவில்லை. ஜோதிமேரிக்கு நாற்பத்து மூன்று வயது. பதினைந்து வயதிலிருந்து கரைவலைக் கயிறு இழுக்கிறவள். அவள் கை வைத்ததும் ‘டிக் டிக் டிக்’ என்று கடிகாரம் போல அடித்தது. “இந்தக் கைதான் கை” என்றார் நர்ஸ். அன்றைக்கு விழுந்த பெயர். அடுத்த நாள் முதல் யார் வீட்டில் கோழிக்குச் சீக்கு வந்தாலும் “ஏத்தா டாக்டரம்மா, கொஞ்சம் அமுக்கிவிட்டுப் போ” என்று கேலி செய்தார்கள்.

கேலி செய்தவர்களில் முதல் ஆள் வியாகுலம்.

வியாகுலம்தான் அந்தக் கரைவலைக்குச் சொந்தக்காரர். வயது ஐம்பத்தாறு. குரல் மட்டும் பாலம் தாண்டி மண்டபம் ஊர் வரைக்கும் கேட்கும். அவருடைய மகன் ரீகனுக்கு ஜோதிமேரியின் மகள் செல்வராணியைப் பேசி முடித்திருந்தார்கள். செப்டம்பர் இரண்டாம் வாரம் கல்யாணம். கோயிலில் இரண்டு ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது ஓலைதான் பாக்கி. இந்த நேரத்தில் சம்மந்திகள் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

காரணம் ஒரு சீலா மீன். பாக்கு மாற்றி நிச்சயம் செய்த அன்றைக்கு ஜோதிமேரி வீட்டுப் பந்தியில், நடுத்துண்டு விழ வேண்டிய மாப்பிள்ளையின் தகப்பனாருக்கு வால் துண்டு விழுந்துவிட்டது. பரிமாறியது யாரோ ஒரு சொந்தக்காரப் பையன். அவனுக்கு என்ன தெரியும்? வியாகுலம் அந்தத் துண்டை இலையிலேயே வைத்துவிட்டு எழுந்து கை கழுவினார். அதிலிருந்து இரண்டு வாரமாக ஜோதிமேரியிடம் நேராக ஒரு வார்த்தை கிடையாது.

ஆனால் தொழிலை விட முடியுமா? அதே கயிறு, அதே கரை. பேச வேண்டியதை எல்லாம் மனைவி அருள்மேரி வழியாகப் பேசினார்.

“அருளு, சம்மந்தியம்மாவைக் கெழக்குக் கயித்துக்குப் போகச் சொல்லு.”

“ஏன், நாலு அடி தள்ளித்தானே நிக்காக, நீங்களே சொன்னா வாயி வலிக்குமா?”

“சொல்லுன்னா சொல்லு.”

“கேட்டுருச்சு மதினி, கேட்டுருச்சு. போறேன்” என்று ஜோதிமேரி நடந்துவிடுவாள். உள்ளுக்குள் அவளுக்குச் சிரிப்பாகவும் இருக்கும், பயமாகவும் இருக்கும். மூன்றாவது ஓலை வாசிக்கிற வரைக்கும் இந்த மனுசன் வாயிலிருந்து ‘கல்யாணம் வேண்டாம்’ என்று வந்துவிடக் கூடாதே என்பதுதான் அவள் பயம்.

ஆகஸ்ட் கடைசி. சனிக்கிழமை. காலை எட்டரை மணி இருக்கும். வலையைக் கடலில் அரைவட்டமாக வளைத்துப் போட்டுவிட்டு வள்ளம் கரைக்கு வந்தாயிற்று. கிழக்குக் கயிற்றில் பதினைந்து பேர், மேற்குக் கயிற்றில் பதினைந்து பேர். இடுப்பில் வார் கட்டி, வாரைக் கயிற்றில் கொளுவி, பின்னாலேயே நடந்து இழுக்கிறார்கள். ரீகனும் ஜோதிமேரியின் கணவனும் விசைப்படகில் கடலுக்குப் போயிருந்தார்கள். வானம் பார்த்த பூமியில் வேலை இல்லாத நாளில் அபிராமம் பக்கமிருந்து கயிறு இழுக்க வருகிற கூத்தையா அன்றைக்கும் வந்திருந்தான். மீன் ஏற்ற வந்த ஆட்டோக்காரர் பாக்கர் கரையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

வியாகுலம் மேற்குக் கயிற்றோரம் இடுப்பளவு தண்ணீரில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு நாளாகவே அவருக்கு நெஞ்சு கரித்தது. வாய்வு என்று சோடா குடித்தார். பூண்டைச் சுட்டுத் தின்றார். இடது கை கடுத்தது. கயிறு பிடித்த கை கடுக்காமல் என்ன செய்யும் என்று எண்ணெய் போட்டுத் தேய்த்தார். அன்று காலை தலையெல்லாம் வேர்த்துக் கொட்டியது. கடல் தண்ணீரோடு சேர்ந்துவிட்டதால் யாரும் கவனிக்கவில்லை.

“ஏலே, மேக்குக் கயிறு தொய்யுது பாரு, இழு…”

அந்த வார்த்தை பாதியில் நின்றது. மனிதர் அப்படியே முன்பக்கம் சரிந்து தண்ணீரில் விழுந்தார்.

அவருடைய தம்பி சந்தியாகுவும் இன்னும் இரண்டு பேரும் பாய்ந்து தூக்கி வந்தார்கள். மணலில் கிடத்தினார்கள். கண் மேலே செருகியிருந்தது. உடம்பெல்லாம் சொட்டச் சொட்டத் தண்ணீர்.

“தண்ணியக் குடிச்சுட்டாரு! பீப்பாயை உருட்டிட்டு வாங்கலே!” என்று கத்தினான் சந்தியாகு.

அந்தக் கரையில் அதுதான் வழக்கம். கடலில் மூழ்கினவனைத் தூக்கி வந்தால், காலி டீசல் பீப்பாயில் குப்புறப் போட்டு உருட்டுவார்கள். வயிற்றுத் தண்ணீர் வெளியே வந்துவிடும் என்று. இரண்டு பேர் பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்தும்விட்டார்கள். ஜோதிமேரி இடுப்பு வாரை அவிழ்த்து எறிந்துவிட்டுக் கிழக்குக் கயிற்றிலிருந்து ஓடி வந்தாள். அதற்குள் வியாகுலத்தைக் குப்புறத் தூக்கிப் பீப்பாயில் பாதி போட்டிருந்தார்கள்.

“போடாதீக! எறக்குங்க அவரை!”

“தள்ளுக்கா நீ. தண்ணி வெளிய வரட்டும்.”

“எந்தத் தண்ணிலே? இடுப்புத் தண்ணில நின்ன மனுசன் என்னத்தக் குடிச்சாரு? நின்னுக்கிட்டுல்ல இருந்தாரு! விழுந்துட்டுக் குடிக்கல, அதுக்கு முந்தியே நெஞ்சு நின்னு போயித்தான் விழுந்திருக்காரு!”

“மூச்சு இருக்குக்கா. கொறட்டை வருது பாரு.”

ஜோதிமேரி குனிந்து பார்த்தாள். வியாகுலம் வாயைத் திறந்து ஒரு தடவை ‘ஹர்ர்’ என்றார். அப்புறம் ஒன்றுமில்லை. கொஞ்சம் கழித்து மறுபடியும் வாய் திறந்தது.

“கரையில போட்ட மீனு வாயைத் தொறக்கும்ல, அதான்லே இது. அது மூச்சா? சிஸ்டர் படிச்சுப் படிச்சுச் சொல்லிச்சு. எறக்குலே சந்தியாகு!”

சந்தியாகு ஒரு நொடி அவளைப் பார்த்தான். பிறகு அண்ணனை இறக்கினான். ஜோதிமேரி முழங்கால் போட்டு உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். வைத்தவள் அமுக்கவில்லை. இது பொம்மை இல்லை. மாப்பிள்ளையின் தகப்பனார். இத்தனை பேர் பார்க்க, சம்மந்தி நெஞ்சில் கை வைக்கிறாள். இவர் போய்விட்டால், ‘சம்மந்திக்காரி அமுக்கியே கொன்னுட்டா’ என்று இந்தக் கரை உள்ள வரைக்கும் பேசும். மகள் கல்யாணம் அன்றோடு முடிந்தது.

அவள் தயங்கினது அருள்மேரிக்குத் தெரிந்துவிட்டது. தலைவிரி கோலமாக ஓடி வந்தவள், “என்னத்தடி ரோசிக்கிற? அமுக்குடி!” என்று கத்தினாள்.

ஜோதிமேரி அமுக்கினாள். ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகு நிறுத்தினாள். அமுக்க அமுக்க நெஞ்சு உள்ளே போகவில்லை. ஆளே மணலுக்குள் போனார். பொம்மையைப் பலகையில் அல்லவா போட்டிருந்தார்கள்!

“வள்ளத்துப் பலகையைக் கொண்டாங்க! சீக்கிரம்!”

வள்ளத்தின் குறுக்குப் பலகையைப் பிடுங்கி வந்து முதுகுக்கு அடியில் செருகினார்கள். இப்போது கை சரியாக இறங்கியது. பாக்கர் அதற்குள் செல்போனில் நூற்றெட்டைக் கூப்பிட்டு இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். “பாம்பன்தான்ங்க. தெக்குக் கரை. பாலம் எறங்கினதும் நான் ரோட்டுல நிக்கிறேன். யா அல்லா, சீக்கிரம் வாங்க.” தீவில் நிற்கிற வண்டி ஒரு பிரசவத்துக்காக ராமநாதபுரம் போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தது. மண்டபம் தாண்டிவிட்டது, பத்து நிமிஷத்தில் வரும் என்றார்கள்.

பத்து நிமிஷம் என்பது டீக்கடையில் உட்கார்ந்தால் ஒன்றுமில்லை. ஒரு மனிதனின் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தால் தெரியும். ஜோதிமேரிக்கு இரண்டாவது நிமிஷத்திலேயே தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. மூன்றாவது நிமிஷம் கை இறங்கவில்லை. வேர்வை கண்ணில் வழிந்தது. ‘களைச்சுப்போன கை அமுக்குனா அது தடவிக்குடுத்த மாதிரிதான். ஆளு மாத்தணும்’ என்று நர்ஸ் சொன்னது ஞாபகம் வந்தது. யாரை மாற்றுவது? இவர்கள்தான் பயிற்சி அன்றைக்குப் பிரியாணியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லையே.

நிமிர்ந்து பார்த்தாள். சுற்றி நின்றவர்கள் எல்லாம் கயிறு இழுக்கிறவர்கள். அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது.

கரைவலையில் யாரும் நின்ற இடத்தில் நின்று இழுப்பதில்லை. கயிற்றோடு பின்னால் நடந்து கடைசிக்குப் போனவன், வாரைக் கழற்றிக்கொண்டு தண்ணீரோரம் போய் முதல் ஆளாகக் கொளுவிக்கொள்வான். ஆள் மாறிக்கொண்டே இருக்கும், கயிறு ஒரு நொடி நிற்காது. யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதே இல்லை.

“எல்லாரும் வரிசைக்கு வாங்க! கயித்துல மாறுற மாதிரி மாறணும். கயிறு நிக்கக் கூடாது. சந்தியாகு, அந்தப் பக்கம் உக்காரு. நான் கையை எடுக்கையில உன் கை இருக்கணும்.”

சந்தியாகு உட்கார்ந்தான். அவள் எடுத்ததும் அவன் கை விழுந்தது. ஆனால் கயிறு இழுக்கிற பழக்கத்தில் அம்பா பாடுகிற வேகத்தில், “ஏலே…லோ” என்று நிதானமாக ஆரம்பித்தான்.

“இது வலை வளைச்ச ஒடனே இழுக்கிற வேகம்லே! மடி கரையேறும்ல, அந்த வேகம்! மடி வருது, மீனு துள்ளுது, விட்டா ஓடிப்போகும், அந்த வேகம்!”

எல்லோருக்கும் புரிந்தது. வலையின் கடைசிப் பையான மடி மீனோடு கரைக்கு நெருங்கும்போது அம்பாப் பாட்டு குதிரை மாதிரி ஓடும். சந்தியாகுவின் கை வேகம் பிடித்தது. வரிசையில் நின்றவர்கள் வாயால் அம்பா போட்டார்கள். ஜோதிமேரி பக்கத்தில் உட்கார்ந்து, “விட்டு விட்டு அமுக்கு. நெஞ்சு எந்திரிக்கட்டும். அப்பிடித்தான்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அருள்மேரி கணவன் தலைமாட்டில் உட்கார்ந்து, அந்தோணியாரையும் ஆரோக்கிய மாதாவையும் கூப்பிடுகிற இடைவெளியில், “ஏலே அடுத்த ஆளு! வா!” என்று அதட்டினாள்.

நான்காவது ஆள் கூத்தையா. கல் உடைக்கிற கை. மூன்றாவது அமுக்கில் ‘மடக்’ என்று சத்தம் கேட்டது. கூத்தையா துள்ளி எழுந்தான்.

“அய்யய்யோ! ஒடிச்சுப்புட்டேன்த்தா! மொதலாளியை ஒடிச்சுப்புட்டேன்!”

“எலும்புதானே, ஒட்டிக்கிரும். உக்காந்து அமுக்கு.”

“வேணாம்த்தா, எந்திரிச்சு வந்து என்னைய அடிப்பாரு.”

“எந்திரிச்சு வந்து அடிக்கட்டும்னுதாம்லே அமுக்கச் சொல்றேன்! உக்காரு!”

அழுதுகொண்டிருந்த அருள்மேரிக்கே ஒரு கணம் சிரிப்பு வந்துவிட்டது. கூத்தையா உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினான்.

அப்போதுதான் ஒருவன் பாலத்தைக் காட்டிக் கத்தினான். கரையிலிருந்து பார்த்தால் பாம்பன் பாலம் முழுசாகத் தெரியும். பாலத்து உச்சியில் வெள்ளை வண்டியும் சுழல்கிற விளக்கும் தெரிந்தன. ஆனால் வண்டி நகரவில்லை. கீழே ரயில் பாலத்தில் ரயில் ஊர்ந்துகொண்டிருந்தது. அதை வேடிக்கை பார்க்கச் சுற்றுலா வேன்களை எல்லாம் பாலத்திலேயே நிறுத்திவிட்டு, வந்த சனம் கைப்பிடிச் சுவரோரம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை. நடுவில் ஆம்புலன்ஸ்.

“கண்ணுக்கு முன்னால நிக்கிதே பாவி வண்டி!” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள் அருள்மேரி.

பாக்கர் ஓடினார். ஆட்டோவை எடுத்தார். அந்த மீன் ஆட்டோவுக்கு லாரி ஆரன் மாட்டியிருந்தார். அதை அமுக்கின கையை எடுக்காமல் பாலத்தில் ஏறினார். மேலே அவர் என்ன செய்தார் என்று கரையில் யாருக்கும் தெரியாது. “ரயிலு நாளைக்கும் வரும்யா, அந்த ஆளு நாளைக்கு இருக்க வேணாமா, எடுங்கய்யா வேனை” என்று ஒவ்வொரு வேனையும் தட்டித் தட்டிக் கத்தியதாக அவர் பிறகு சொன்னார். கரையிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். மஞ்சள் ஆட்டோ முன்னால் இறங்கி வந்தது. வெள்ளை வண்டி பின்னால் வந்தது.

அதற்குள் பதினோரு பேர் மாறியிருந்தார்கள். பதினெட்டு நிமிஷம். கூத்தையா துள்ளி எழுந்த அந்தக் கணம் தவிர, ஆள் மாறும்போதுகூட அமுக்குவது நிற்கவில்லை.

ஆம்புலன்ஸில் வந்த பையன் ஒரு சின்னப் பெட்டியோடு மணலில் ஓடி வந்தான். நெஞ்சு ஈரமாக இருந்ததைப் பார்த்ததும், “தொடைங்க, தொடைங்க” என்றான். யாரோ தலைப்பாகையை உருவித் துடைத்தார்கள். இரண்டு பட்டையை நெஞ்சில் ஒட்டினான். பெட்டி என்னவோ பேசியது. “யாரும் தொடாதீங்க!” என்று கத்தினான். முதல் ஷாக். வியாகுலம் மீன் மாதிரி ஒரு தூக்கு தூக்கி விழுந்தார். ஒன்றும் இல்லை. “அமுக்குங்க!” என்றான். வரிசையில் நின்ற அடுத்த ஆள் தானாக உட்கார்ந்து அமுக்கினான். பையன் ஆச்சரியமாகப் பார்த்தான். இரண்டு நிமிஷம் கழித்து இரண்டாவது ஷாக்.

பையன் கழுத்தில் விரலை வைத்தான். வைத்த விரலை எடுக்கவில்லை. 

“துடிக்குது” என்றான்.

 கூத்தையா தொப்பென்று மணலில் உட்கார்ந்தான். ஜோதிமேரி தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். 

அருள்மேரியும் சந்தியாகுவும் வண்டியில் ஏறிப் போனார்கள். மற்றவர்கள் திரும்பிப் பார்த்தபோது வலை கடலிலேயே கிடந்தது. கயிறு ஒருபக்கம் இழுத்துக்கொண்டு போய், மடி கவிழ்ந்து, இருந்த மீனெல்லாம் போய்விட்டது. இழுத்துப் பார்த்தால் விலை போகாத இரண்டு கூடை சொறிமீனும் கொஞ்சம் பாசியும். யாருக்கும் வருத்தமில்லை.

வருத்தமும் பயமும் ஜோதிமேரிக்குத்தான். நெஞ்சு துடித்தது சரி. ஆள் கண் திறந்தால்தானே? ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் கண் திறக்கவில்லை. மூன்றாவது நாள் சாயந்தரம் அருள்மேரியின் போன் வந்தது.

“ஏ ஜோதி, முழிச்சுட்டாருடி. முழிச்சதும் என்ன கேட்டாருங்கிற?”

“என்ன கேட்டாரு மதினி?”

“‘எந்த நாயி என் நெஞ்சுல ஏறி மிதிச்சுச்சு’ன்னாரு.”

ஜோதிமேரி போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். செல்வராணி பயந்துபோய் ஓடி வந்தாள். பிறகுதான் அம்மா சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

எட்டாவது நாள் ஒரு வேன் பிடித்துக்கொண்டு பதினோரு பேரும் மதுரைக்குப் போனார்கள். ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேன் மறித்தார்.

“இத்தனை பேரெல்லாம் விட முடியாது. ஒடம்பொறந்தவங்க ரெண்டு பேரு மட்டும் போங்க.”

“நாங்க எல்லாரும் அவரு நெஞ்சுல கை வச்சவுக” என்றான் கூத்தையா.

வாட்ச்மேனுக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளேயிருந்து டாக்டரே வந்தார். “யாரு அமுக்கினது?” என்று கேட்டார். பதினோரு கை மேலே போனது. டாக்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, “ரெண்டு ரெண்டு பேரா விடுங்க” என்று வாட்ச்மேனிடம் சொன்னார். அப்புறம் ஜோதிமேரியிடம், “ரத்தக் குழாயில அடைப்பு. எடுத்துட்டுச் சின்னதா ஒரு கம்பி வலை வச்சிருக்கோம். விலா எலும்பு நாலு விரிசல் விட்டிருக்கு, அது தானா சரியாயிரும். நீங்க அமுக்கலைன்னா நாங்க பண்றதுக்கு இங்க ஒண்ணும் வந்திருக்காது” என்றார்.

வார்டு நர்ஸ் வாசலிலேயே நிறுத்தி ஒரு கண்டிஷன் போட்டார். “அவரைச் சிரிக்க வைக்காதீங்க. சிரிச்சா விலா உயிர் போற மாதிரி வலிக்கும். சாதாரணமா பேசிட்டு வந்துரணும்.”

இதைவிடப் பெரிய சோதனை அந்தப் பதினோரு பேருக்கும் வேறில்லை. சந்தியாகு முகத்தை இறுக்கிக்கொண்டு போய், இறுக்கிக்கொண்டே வந்தான். கூத்தையா கட்டில் பக்கமே போகாமல் கதவோரம் நின்று கும்பிட்டான்.

“வாலே. நீதான ஒடிச்சவன்?” என்றார் வியாகுலம்.

“நாலுல ஒண்ணுதான் மொதலாளி நான். மத்த மூணு வெளிய நிக்கிது.”

வியாகுலம் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “போடா வெளியே” என்று முனகினார். நர்ஸ் முறைத்தார்.

கடைசியாக ஜோதிமேரி போனாள். கட்டிலோரம் நின்றாள். அருள்மேரி எழுந்து ஸ்டூலைத் தள்ளிப் போட்டாள். வியாகுலம் அவளைப் பார்த்தார்.   

“அருளு, சம்மந்தியம்மாக்கிட்ட…” என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினார். பிறகு நேராக அவளையே பார்த்துச் சொன்னார். “சம்மந்தி. கல்யாணத்தைத் தள்ளிப்போடச் சொல்றாகளாம். தள்ள வேணாம். குறிச்ச தேதியிலயே வச்சுருவோம்.”

“நீங்க எந்திரிச்சு நடங்க மொதல்ல. ஒரு மாசம் கழிச்சு வைப்போம். பிள்ளைக எங்கயும் ஓடிப்போயிராதுக.”

“செத்துப் பொழைச்சவன் சொல்றேன், கேக்க மாட்டீகளா?”

“செத்தவுக யாரும் இம்புட்டுப் பேசி நான் பாத்ததில்ல சம்மந்தி.”

வியாகுலம் உதட்டைக் கடித்தார். தோள் குலுங்கியது. தலையணையை இறுக்கிப் பிடித்தார். “ஐயோ… வலிக்கிதே… சிரிக்க விடாதீக…” என்றார். சொல்லச் சொல்லச் சிரிப்பு கூடியது. அருள்மேரி அவர் வாயைப் பொத்தப் போய்த் தானும் சிரித்தாள். ஜோதிமேரி திரும்பி நின்று சுவரைப் பார்த்தாள். அவள் முதுகும் குலுங்கியது.

நர்ஸ் ஓடி வந்தார். “வெளிய போங்கம்மா! எல்லாரும் வெளிய போங்க!”

வராந்தாவில் நின்ற பத்துப் பேருக்கும் சத்தம் கேட்டது.

“ஆகா, மொதலாளி சிரிக்கிறாரு” என்றான் கூத்தையா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.